மழைக்கு மறுநாள் தெரிந்த நாலும் ஆறும்: செட்டிநாட்டு வீட்டில் ஒரு நிக்ஸி கடிகாரம்

பின்னணி

காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊர். அங்கே ஒரு நகரத்தார் வீடு. வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டித்தான் கிடக்கும். பார்த்துக்கொள்பவர் ஒருவர் காலையில் வந்து கூட்டி, விளக்கேற்றி, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் போவார். வீட்டுக்காரப் பெரியம்மாவை எல்லாரும் அப்பத்தா என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். காரைக்குடியில் மகன் வீட்டில் இருக்கும் அவர், ஐப்பசி பிறந்ததும் ஊருக்கு வந்தால் மார்கழியில் பிள்ளையார் நோன்பு முடித்து, நகரத்தார் வழக்கப்படி இழை எடுத்துக்கொண்ட பிறகுதான் திரும்புவார்.

வளவில், அதாவது நடு முற்றமும் அதைச் சுற்றியுள்ள இடமும் சேர்ந்த பகுதியில், பெண்டுலக் கடிகாரம் ஒன்று உண்டு. பர்மாவிலிருந்து வந்தது என்பார்கள். சாவி தொலைந்து, ஓட்டம் நின்று ரொம்ப நாளாகிறது. ராத்திரி எழுந்தால் மணி தெரியவில்லை என்று அப்பத்தா சொல்லிக்கொண்டே இருந்ததால், பேரன் ஒரு கடிகாரம் செய்து தருவதாக ஒப்புக்கொண்டார். அவருக்கு முப்பது வயசு, மென்பொருள் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறார். கடையில் ஐந்நூறு ரூபாய்க்கு எல்.இ.டி. கடிகாரம் கிடைக்கும் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் அவருக்கு நிக்ஸி என்ற பழைய காலத்துக் கண்ணாடிக் குழாயில்தான் செய்ய வேண்டும்.

இதில் என் பங்கு சின்னது. காரைக்குடியில் எலெக்ட்ரானிக் பாகங்கள் விற்கும் கடை எனக்கு. அவ்வப்போது யோசனை சொன்னேன், அதில் ஒன்று தப்பான யோசனை. உண்மையில் கோளாறைக் கண்டுபிடித்தவர் எழுபதை நெருங்கும் ஒரு பழைய டி.வி. மெக்கானிக். அண்ணன் என்றால் இந்தக் கட்டுரையில் அவர்தான், தம்பி என்றால் பேரன்.

குழாயும் கட்டிய விதமும்

நிக்ஸி என்பது 1955-இல் அமெரிக்காவின் பரோஸ் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த எண் காட்டும் குழாய். கண்ணாடிக்குள் குறைந்த அழுத்தத்தில் நியான் வாயு. 0 முதல் 9 வரை மெல்லிய கம்பியிலோ தகட்டிலோ வளைத்த பத்து எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும், முன்னால் ஒரு வலை. வலைக்கும் ஏதாவது ஒரு எண்ணுக்கும் இடையே சுமார் 170 வோல்ட் கொடுத்தால், அந்த எண்ணைச் சுற்றியுள்ள வாயு செக்கச்சிவந்த ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். இழை கிடையாது, பெரிய சூடும் கிடையாது. 1970-களில் எல்.இ.டி. வந்து இதை ஓரங்கட்டியது. சோவியத் நாட்டில் மட்டும் அதற்குப் பிறகும் நிறையச் செய்தார்கள்.

தம்பி வரவழைத்தது அந்த சோவியத் குழாய்தான், ஐ.என்-12 வகை. நாலு ஓட்டத்துக்கு, இரண்டு இருப்புக்கு. எண்ணின் உயரம் 18 மில்லிமீட்டர். இந்தக் குழாயில் 5 என்று தனியாக ஒரு உருவம் கிடையாது, 2-ஐத் தலைகீழாகத் திருப்பி வைத்திருப்பார்கள். யாரும் சொல்லாமலே அப்பத்தா முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். ‘அஞ்சைக் கவுத்துப் போட்டிருக்கான் பாரு.’

12 வோல்ட் அடாப்டர். அதிலிருந்து 180 வோல்ட் எடுக்க எம்.சி.34063 ஐ.சி., 100 மைக்ரோஹென்றி காயில், ஒரு மாஸ்ஃபெட், வெளிவாயிலில் மின்சாரத்தைத் தேக்கி வைக்க 4.7 மைக்ரோபாரட் கண்டென்சர். மூளைக்கு அர்டுயினோ நானோ என்ற சின்னக் கணினிப் பலகை. நேரத்துக்கு டி.எஸ்.3231. வெயிலுக்கேற்ப தன்னைத் திருத்திக்கொள்ளும் சிப் அது, வருஷத்துக்கு ஒரு நிமிஷம் முன்பின் ஆனாலே அதிகம். எண்ணைத் தேர்ந்தெடுக்க கே155ஐ.டி.1 என்ற சோவியத் ஐ.சி. ஒன்றே ஒன்று.

ஒன்று மட்டும் ஏன் என்பது பின்னால் வரும் கதைக்கு முக்கியம். குழாய்க்கு ஒரு ஐ.சி. வீதம் நாலு போட்டால் வேலை சுலபம், ஒயர்தான் நாலு மடங்கு. தம்பி மல்டிப்ளெக்ஸிங் முறைக்குப் போனார். நாலு குழாயின் 0 எண்களையும் ஒரே கம்பியில் சேர்த்து, 1 எண்களையும் அப்படியே சேர்த்து, குழாய்களை முறை வைத்து ஒவ்வொன்றாக எரிக்க வேண்டும். ஒவ்வொரு குழாயும் நொடிக்கு நூறு தடவை எரிந்து அணையும், கண்ணுக்கு எல்லாம் ஒன்றாக எரிவதுபோல் இருக்கும்.

பெட்டி, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழம்பொருள் கடையில் வாங்கிய பர்மாத் தேக்குக் கைப்பெட்டி. முன்பலகையில் நாலு துளை போட்டுக் குழாய்களை வெளியே எட்டிப் பார்க்க வைத்தார். சர்க்யூட்டை அச்சுப் பலகை எதுவும் செய்யாமல் ஓட்டை போட்ட பொதுப் பலகையில், டப்பா சால்டரிங் பேஸ்டைத் தாராளமாகத் தொட்டுப் பற்றவைத்தார். பேஸ்ட் என் கடையில் வாங்கியதுதான்.

ஆவணியில் வந்து போன நிழல்

ஆடியில் தொடங்கி ஆவணியில் கடிகாரம் ஓடியது. ஓடிய முதல் நாள், ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் இன்னொரு எண் மங்கலாகத் தெரிந்தது. பக்கத்துக் குழாயில் என்ன எண் எரிகிறதோ அதன் நிழல். முறை வைத்து எரிக்கும்போது இது வழக்கம்தான். ஒரு குழாய் முழுதாக அணைவதற்குள் அடுத்ததற்கு எண்ணை மாற்றிவிட்டால் இப்படி ஆகும். நிரலில் இரண்டுக்கும் நடுவே 100 மைக்ரோசெகண்ட் இருட்டு விட்டார், நிழல் போய்விட்டது. புரட்டாசி முழுக்கக் காரைக்குடி வீட்டு மேஜையில் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

இந்த வெற்றிதான் பிறகு எங்களை ஒரு வாரத்துக்கு மேல் அலைய வைத்தது.

ஐப்பசி: வீட்டுக்குப் போன பிறகு

ஐப்பசி முதல் வாரம் கடிகாரத்தை ஊர் வீட்டுக்குக் கொண்டுபோய், வளவின் ஓரத்துப் பட்டாலையில் பெண்டுலக் கடிகாரத்துக்கு நேர் கீழே மாடத்தில் வைத்தார். நாலு நாள் கழித்து ராத்திரி நல்ல மழை. செட்டிநாட்டு வளவுக்கு மேலே கூரை கிடையாது. நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணீரும் நடுவில் கொட்டும், சாரல் பட்டாலை வரை வரும். மறுநாள் காலையில் நாலு குழாயிலும் எரிகிற எண்ணுக்குப் பின்னால் 4-உம் 6-உம் மங்கலாக எரிந்துகொண்டிருந்தன.

தம்பி போனில் அனுப்பிய படத்தைப் பார்த்ததும் எனக்கும் அதே நினைப்பு. ஆவணியில் வந்த நிழல் திரும்பிவிட்டது, இருட்டு இடைவெளி பற்றவில்லை. அவர் 100-ஐ 300 ஆக்கினார், 600 ஆக்கினார். வெளிச்சம்தான் குறைந்தது, நிழல் அப்படியே நின்றது.

இங்கே நாங்கள் கவனிக்காமல் விட்டது ஒன்று. ஆவணி நிழல் பக்கத்து எண்ணைப் பொறுத்து மாறியது. இது மாறவே இல்லை. மணி எதுவானாலும் 4, 6 மட்டும்தான். இரண்டும் வேறு வேறு நோய் என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்து, சப்ளையில் அலைவு இருக்குமோ என்று 180 வோல்ட்டில் கூடுதலாக 10 மைக்ரோபாரட் கண்டென்சர் ஒன்றைச் சேர்த்தார். பலன் இல்லை. அப்புறம் இருப்பில் இருந்த இரண்டு குழாயையும் மாற்றிப் போட்டார். அவற்றிலும் அதே 4, 6. அந்த நேரத்தில்தான் நான் சொன்னேன், ‘குழாய் நாற்பது வருஷத்துப் பழசு தம்பி, மொத்த லாட்டும் போயிருக்கும். வேற லாட்ல நாலு வரவழைங்க.’ அவர் பணம் கட்டி வரவழைத்தார். ஆறு குழாயிலும் ஒரே இரண்டு எண் ஒரே நாளில் கெட்டுப்போகுமா என்று யோசிக்கவில்லை. தெரியாத பொருள் ஒன்று கண்முன்னால் இருந்தால் சந்தேகம் முதலில் அதன்மேல்தான் போகிறது.

ஷாக்

குழாய் வருவதற்குக் காத்திராமல் ஐ.சி.யை மாற்றிப் பார்க்கலாம் என்று ஒரு மாலை தம்பி அடாப்டரைப் பிடுங்கிவிட்டு, பெட்டியைத் திறந்து ஐ.சி.யை நெம்பினார். கண்டென்சர் காலில் விரல் பட்டது. கை உதறியதில் பெட்டி கவிழ்ந்து ஒரு குழாயின் மூக்குடைந்தது. அவருக்கு விரல் நுனியில் சின்னத் தழும்பு, அரைமணி நேரம் படபடப்பு, அதோடு போயிற்று.

காரணம் எளிது. அடாப்டரைப் பிடுங்கியதும் எண்கள் அணைந்துவிடுகின்றன, மின்சாரம் போய்விட்டது என்று கண் சொல்கிறது. ஆனால் நிக்ஸி 120 வோல்ட் வாக்கிலேயே அணைந்துவிடும், மிச்சம் கண்டென்சரிலேயே நிற்கும். அதை வடிக்க இந்தச் சர்க்யூட்டில் இருந்தது அளவு பார்க்கும் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்றுதான். 4.7 மைக்ரோபாரட் மட்டும் இருந்தவரை சில நொடியில் இறங்கிவிடும். கூடுதலாகச் சேர்த்த 10 அதை மூன்று மடங்காக இழுத்துவிட்டது. பத்து நொடி கழித்தும் 60 வோல்ட்டுக்கு மேல் நின்றிருக்கும். தப்பான நோயறிதலுக்குப் போட்ட மருந்து இது.

பார்த்துக்கொள்பவர் சொன்னது

மறுநாள் தம்பி கடிகாரத்தைக் காரில் போட்டு அண்ணனிடம் கொண்டுவந்தார். பின்சீட்டில், நல்ல வெயிலில் ஒரு மணி நேரம் கிடந்தது. பட்டறையில் போட்டால் சுத்தமாக ஓடுகிறது, 4-உம் இல்லை, 6-உம் இல்லை. ‘எங்கிட்ட வந்தா எல்லா மிஷினும் நல்ல பிள்ளையாத்தான் இருக்கும்’ என்றார் அண்ணன். ஊருக்குத் திரும்பக் கொண்டுபோனால் மறுநாள் விடியற்காலை மறுபடி இரண்டும் வந்து நின்றன. வீட்டுக்கு ஆகவில்லையென்றால் விட்டுவிடு என்று அப்பத்தா சொல்லத் தொடங்கியிருந்தார்.

வீட்டைப் பார்த்துக்கொள்பவர் அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். ‘தம்பி, இது மழை பேஞ்ச மறுநாள் மட்டும்தான் இப்பிடி நிக்குது. வெயில் ஏறிப் பத்து பதினோரு மணிக்கெல்லாம் போயிருது. மழை இல்லேன்னா மறுநாள் காலைல வரல.’ தினமும் ஆறு மணிக்கு விளக்கேற்ற வருகிறவர் அவர் ஒருவர்தான். நாங்கள் யாரும் அவரிடம் கேட்கவே இல்லை.

அளந்து பார்த்தது

இதைக் கேட்டதும் அண்ணன் தானே கிளம்பி ஊர் வீட்டுக்கு வந்தார். நானும் போனேன்.

முதலில் அடாப்டரைப் பிடுங்கி, மல்டிமீட்டரைக் கண்டென்சரில் வைத்து எண் பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திருந்தார். இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பிக்சர் டியூப் காலத்துப் பழக்கம். குழாய்களைக் கழற்றினார், ஐ.சி.யைச் சாக்கெட்டிலிருந்து எடுத்தார். ‘இதுல எந்தக் கால் எது?’ என்று கேட்டார். தம்பி போனில் படம் காட்டினார்.

கே155ஐ.டி.1-இல் எண்கள் வரிசையாக இல்லை. 11-ஆம் கால் 6, 13-ஆம் கால் 4. இரண்டுக்கும் நடுவே உள்ள 12-ஆம் கால்தான் கிரவுண்டு, அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் பொது முனை. அந்தப் படத்தைப் பார்த்ததும் மூன்று பேருமே கொஞ்ச நேரம் பேசவில்லை. எண்ணுக்கு எண் 4-உம் 6-உம் பக்கத்துப் பக்கம் இல்லை, காலுக்குக் கால் கிரவுண்டுக்கு இரு பக்கமும் அவைதான்.

அண்ணன் மீட்டர் முனையை 12, 13 துளைகளில் வைத்தார். அப்போது மத்தியானம், ஒன்றும் காட்டவில்லை, அதாவது கசிவே இல்லை. உடனே குனிந்து, கண்ணாடியைத் துடைப்பதற்கு ஊதுவதுபோல் பலகையின் அடிப்பக்கத்தில் வாய் நிறைய ‘ஹா’ என்று ஊதினார். மீட்டர் 900 கிலோ ஓமுக்கு இறங்கியது. பிறகு மெதுவாக ஒன்று, ஒன்றரை, மூன்று மெகா என்று ஏறி, அரை நிமிஷத்தில் பழையபடி வெறுமையாயிற்று. மறுபடி ஊதினார், மறுபடி இறங்கியது. நாலைந்து தடவை செய்திருப்பார், அதில் ஒன்றிரண்டு வேடிக்கைக்குத்தான்.

பலகையைத் திருப்பினால் 12-ஆம் காலில் தடிமனான கிரவுண்டு ஒயர் பிடித்திருந்தது. தடி ஒயர் சீக்கிரம் பற்றாது, அங்கே மட்டும் மறுபடி மறுபடி பேஸ்ட் தொட்டிருக்கிறார். பழுப்பாக, தொட்டால் பிசுக்கென்று, ஓரத்தில் செம்பு லேசாகப் பச்சை பூத்து. உலோகத்தில் பிடித்த துருவைத் தின்பதற்காகச் சேர்க்கும் பேஸ்ட் அது. மிச்சம் நின்றால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு மின்சாரத்துக்கு வழி விடும். ஐந்து வோல்ட் சர்க்யூட்டில் இந்தக் கசிவு தெரியவே தெரியாது. நிக்ஸியில் எரியாத எண்களின் காலிலும் சில பத்து வோல்ட் நிற்கும், அதற்கு ஒரு மெகா ஓம் வழி கிடைத்தால் போதும், மங்கலாக எரிந்துவிடும். முறை வைத்து எரிக்க எல்லாக் குழாயின் 4-ஐயும் ஒரே கம்பியில் சேர்த்திருந்ததால் நாலிலும் ஒன்றாகத் தெரிந்தது. ஆளுக்கொரு ஐ.சி. இருந்திருந்தால் ஒரு குழாயில் மட்டும் வந்து, அந்தக் குழாயைக் குப்பையில் போட்டிருப்போம்.

பழைய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, மழை அதிகமாக இருந்த ஒரு நாளில் 9-உம் நூல் போலத் தெரிந்தது. 9 இருப்பது 2-ஆம் காலில், அதற்கு அடுத்த 3-ஆம் காலில் ஐந்து வோல்ட் சமிக்ஞைதான் ஓடுகிறது, நிக்ஸிக்கு அதுவும் கிட்டத்தட்ட கிரவுண்டு மாதிரிதான். சந்தேகம் அத்தோடு தீர்ந்தது.

மின்வேதியியல் ஆராய்ச்சிக்கென்று 1953 முதல் ஒரு நிலையம் இயங்கிவரும் ஊர்க்காரர்கள் நாங்கள். ஈரமும் அமிலமும் செம்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது எங்களுக்குக் கடைசியாகத்தான் தோன்றியது.

செய்த வேலை

பலகையை வெளியே எடுத்து ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பழைய பல் பிரஷும் கொண்டு மூன்று தடவை கழுவினோம். ஒரு தடவை கழுவினால் அழுக்கு இடம் மாறும், அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் புது ஆல்கஹால், வடித்துவிட்டு வெயிலில் காயவைப்பு. 12-ஆம் காலின் ஒயரை எடுத்துவிட்டு, ரோசின் உள்ள ஈயக் கம்பி கொண்டு அண்ணனே மறுபடி பற்றவைத்தார். 11, 12, 13 கால்களுக்கு இடையே இருந்த, பயன்படாத செம்புப் புள்ளிகளைப் பிளேடால் சுரண்டி எடுத்தார்.

ஈரம் புகாமல் இருக்க மேலே லேக்கர் பூச்சு அடித்துவிடலாம் என்று நான் சொன்னேன். ‘முதல்ல ஒரு மழை பாக்கட்டும். அழுக்கை உள்ள வெச்சு மூடிட்டோம்னா அப்புறம் எடுக்க முடியாது’ என்றார் அண்ணன். சரி என்று விட்டோம். இரண்டு மழை பார்த்துவிட்டு, மூன்றாம் வாரம்தான் லேக்கர் அடித்தது.

கூடுதல் 10 மைக்ரோபாரட்டை எடுத்துவிட்டு, 180 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே 220 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டோம். இப்போது பிடுங்கி ஐந்து நொடியில் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு வந்துவிடுகிறது. இருட்டு இடைவெளியைப் பழைய 100-க்கே திருப்பியதில் வெளிச்சமும் திரும்பியது.

பிறகு நடந்தது

கார்த்திகையில் தொடர்மழை. பார்த்துக்கொள்பவரிடம் தினமும் காலையில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தோம். பதினாறு நாள் படத்தில் ஒன்றிலும் நிழல் இல்லை. நோன்பன்று வீடு நிறைந்திருந்தது. பிள்ளைகள் கடிகாரத்துக்கு முன்னால் கும்பலாக நின்று 59 எப்போது 00 ஆகும் என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

வேறொரு சிக்கல் வந்தது. நிக்ஸியில் எரியாமலே கிடக்கும் எண்கள்மேல், எரியும் எண்ணிலிருந்து தெறிக்கும் உலோகம் படிந்து நாளடைவில் பாதிதான் எரியும். மணியின் முதல் குழாய் 0, 1 தவிர வேறு காட்டுவதே இல்லை. அதனால் தினமும் அதிகாலை 3 மணிக்குப் பத்து நிமிஷம் எல்லா எண்ணும் ஓடும்படி தம்பி நிரலில் வைத்திருந்தார். மார்கழியில் மூன்று மணிக்கு எழுகிற அப்பத்தா, இருட்டில் எண்கள் தறிகெட்டு ஓடுவதைப் பார்த்துப் பயந்துவிட்டார். இப்போது மத்தியானம் ஒன்றரைக்கு ஓடுகிறது, வீடே உறங்கும் நேரம்.

இனி மாற்ற வேண்டியது

தம்பி அடுத்த கடிகாரத்துக்கு அச்சுப் பலகை வடிவமைத்துக்கொண்டிருக்கிறார். அதில் 180 வோல்ட் ஓடும் தடங்களுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே பலகையையே அறுத்து இடைவெளி விடப்போகிறார். பெட்டியின் அடியில் காற்றுத் துளை இருக்கும். வடிக்கும் ரெசிஸ்டரை முதல் நாளே போட்டுவிடுவார். கோளாறு வந்தால் எந்த எண், எந்த நேரம், என்ன வானிலை என்று ஒரு நோட்டில் மூன்று நாள் எழுதிய பிறகே எதையும் கழற்றுவது என்று வைத்திருக்கிறார்.

என் கடையில் அந்த டப்பா பேஸ்ட் இன்னும் விற்கிறேன், தடி ஒயருக்கும் தகரத்துக்கும் அது வேண்டியிருக்கிறது. எலெக்ட்ரானிக் பலகைக்கு என்று கேட்பவர்களுக்கு மட்டும் ரோசின் கம்பியையும் ஒரு பாட்டில் ஆல்கஹாலையும் எடுத்து வைக்கிறேன். என் பேச்சைக் கேட்டு வரவழைத்த நாலு குழாயும் கார்த்திகைக் கடைசியில் வந்து சேர்ந்தன. பஞ்சில் சுற்றி, முறுக்கு டப்பாவில், ஊர் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. உடைந்த ஒன்றுக்குப் பதிலாக முதலில் வாங்கிய இருப்புக் குழாயே போதுமாகிவிட்டதால், அந்த நாலையும் இதுவரை தொடவில்லை.